பூ வாடுமென்று வெளியே வைத்த டப்பாக்கள்

எனக்குப் பஞ்சு ஆகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

பத்தாவது முடித்ததும் மில்லுக்குப் போனேன். நாங்கள் இருந்த சரவணம்பட்டி அப்போது ஊருக்கு வெளியே கிடந்தது. எங்கள் வீட்டுப் பக்கத்துப் பெண்பிள்ளைகள் எல்லோரும் மில் வண்டியில் ஏறினார்கள், நானும் ஏறினேன். பஞ்சைச் சீவுகிற கார்டிங் பகுதியில் கூட்டுகிற வேலை. கூட்டி முடித்துத் திரும்பிப் பார்த்தால் கூட்டின இடம் மறுபடி வெள்ளையாக இருக்கும். தலையில், புருவத்தில், மூக்குக்குள், சோற்றுத் தூக்கில் எல்லாம் பஞ்சு. அடுத்த வருடமே மூச்சு இழுக்க ஆரம்பித்தது. படுத்தால் நெஞ்சுக்குள் பூனை கத்துகிற மாதிரி சத்தம். அப்பா டாக்டரிடம் கூட்டிப்போனார். அவர் குழாயை முதுகில் வைத்துக் கேட்டுவிட்டு, "மில்லு வேலைங்களா? வுட்டுப்போடுங்க. இல்லீன்னா இது உங்களை வுடாது" என்றார்.

விட்டேன். சும்மா இருந்தேன். சும்மா இருக்கிற பெண்ணைப் பார்த்தால் எங்கள் சொந்தக்காரர்களுக்கு ஆகாது, அது வேறு கதை. அப்பாவுக்குத் தெரிந்த ஒருவர் மூலமாகக் கணபதியில் ஒரு யூனிட்டில் வேலை கிடைத்தது. தொண்ணூறுகளின் நடுவில் அது. கீழே வொர்க்‌ஷாப், மேலே முதலாளி வீடு. எலெக்ட்ரானிக் போர்டு செய்தார்கள். மில்லில் கோன் சுற்றுகிற மெஷினில் நூல் ஓடும்போது அதைக் கண்காணிக்கிற ஒரு பெட்டி உண்டு. நூலில் முடிச்சோ தடிப்போ வந்தால் அது வெட்டிவிடும். அந்தப் பெட்டிக்குள் இருக்கிற போர்டுதான் எங்கள் வேலை. பஞ்சுக்குப் பயந்து ஓடிவந்தவள் பஞ்சு மெஷினுக்கே போர்டு செய்தேன். அன்றைக்கு அது எனக்குச் சிரிப்பாக இருந்தது.

சேர்ந்த அன்றே முதலாளியிடம் சொன்னேன். "அண்ணா, எனக்கு வீசிங் இருக்குதுங்க. தூசி ஆகாதுங்க."

"இங்க தூசி இருந்தா என்ற போர்டுக்கே ஆகாதுங்க அம்மணி. பயப்படாம வாங்க" என்றார்.

உண்மைதான். அவர் என்னைப் பேஸ்ட் ரூமில் போட்டார். கண்ணாடிக் கதவு போட்ட சின்ன அறை. ஈரத் துணியால்தான் தரையைத் துடைக்க வேண்டும், விளக்குமாறு உள்ளே வரக்கூடாது. ஃபேன் கிடையாது, ஏசி உண்டு. யாரோ விற்ற பழைய ஏசி, லாரி மாதிரி உறுமும். அந்த ஏசி எனக்காக இல்லை, பேஸ்ட்டுக்காக. ஆனால் அந்தக் காற்றைத்தான் நானும் சுவாசித்தேன். சேர்ந்த கொஞ்ச நாளில் நெஞ்சுக்குள் பூனை அடங்கிவிட்டது. மாத்திரையை நிறுத்தினேன். மாடிப்படி ஏறினால் வாயைப் பிளக்காமல் ஏறினேன். அந்த அறை எனக்குச் சம்பளம் கொடுத்த இடம் மட்டும் இல்லை என்று புரிந்துகொள்ளுங்கள்.

பேஸ்ட் என்றால் பற்றவைக்கிற ஈயம். கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன ஈய உருண்டைகளைக் குங்கிலியம் மாதிரி மணக்கிற ஒரு பிசினில் குழைத்து டப்பாவில் அடைத்திருப்பார்கள். சாம்பல் நிறம். பதமாக இருந்தால் வடை மாவு மாதிரி கரண்டியில் நிற்கும், சரிந்தால் மெதுவாகச் சரியும். மேசையில் போர்டை வைத்து, அதன்மேல் பொடிப்பொடி ஓட்டைகள் வெட்டின மெல்லிய எஃகுத் தகட்டை இறக்கி, ஒரு ஓரத்தில் பேஸ்ட்டைப் போட்டு, ரப்பர் பட்டையால் ஒரே இழுப்பு இழுக்க வேண்டும். தகட்டைத் தூக்கினால் போர்டில் ஐசி சிப்பின் ஒவ்வொரு காலும் உட்காருகிற இடத்தில் சாம்பல் கோடு விழுந்திருக்கும். ஐசியின் கால்கள் பேன்சீப்புப் பல்லைவிட நெருக்கம். பேஸ்ட் கொஞ்சம் கூடினால் பக்கத்துக் காலோடு ஒட்டிக்கொள்ளும். கொஞ்சம் குறைந்தால் ஒட்டின மாதிரி இருக்கும், ஒட்டியிருக்காது. அப்புறம் பொருட்களை இடுக்கியால் எடுத்து அதன்மேல் வைத்து ஓவனில் விட்டால் சாம்பல் உருகி வெள்ளி மாதிரி பளபளவென்று வெளியே வரும்.

இந்தப் பேஸ்ட்டுக்குச் சூடு ஆகாது. ஃபிரிட்ஜில்தான் இருக்க வேண்டும். காலையில் எடுத்து, திறக்காமல் அப்படியே வைத்து, குளிர் விட்டபிறகுதான் மூடியைத் திறக்க வேண்டும். குளிர்ந்ததைத் திறந்தால் நம் ஊர்க் காற்று அதன்மேல் வியர்த்துவிடும், ஓவனில் அந்த ஈரம் கொதித்து ஈயம் கடுகு தாளித்த மாதிரி தெறிக்கும். இதையெல்லாம் முதலாளியே பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தார். அவர் டிப்ளமோ படித்தவர். பேஸ்ட்டைப் பற்றி அவருக்குத் தெரியாதது எதுவும் எனக்குத் தெரியாது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். தெரியாமல் நடந்த காரியம் இல்லை இது.

ஆனால் ஃபிரிட்ஜ் கீழே இல்லை. மேலே, அவர் வீட்டுச் சமையலறையில் இருந்தது. ஏசி வாங்கின மனுசனுக்கு இன்னொரு ஃபிரிட்ஜ் தேவையாகப் படவில்லை. "ஊட்டுல ஒண்ணு சும்மாதானுங்க நிக்குது" என்பார். நான் காலையில் மேலே போய் டப்பா எடுத்து வருவேன். பால் பாக்கெட், தயிர்ச் சட்டி, மாவு, அதற்குக் கீழே துணிப்பையில் சுற்றி எங்கள் ஈயம்.

வீட்டுக்கார அம்மாவுக்கு இது பிடிக்காது. எப்படிப் பிடிக்கும்? "விசத்தைக் கொண்டாந்து பாலுக்குப் பக்கத்துல வெக்கறாரு பாரு கண்ணு உங்கண்ணன்" என்று ஒவ்வொரு முறையும் சொல்வார். நான், "சொல்லுங்கக்கா, கீழ ஒண்ணு வாங்கச் சொல்லி" என்பேன். "நான் சொன்னா எங்க கேக்கறாரு. நீ சொல்லு" என்பார். நான் கீழே போய்ச் சொல்வேன். "பாக்கலாமுங்க அம்மணி" என்பார் அவர். இப்படி மாடிப்படியில் நான் ஏறி இறங்கினதுதான் மிச்சம்.

அந்தச் சித்திரையில் அவர்கள் பெண் வயதுக்கு வந்தாள். எங்கள் பக்கம் தெரட்டிச் சீர் என்றால் சாதாரணம் இல்லை. தாய்மாமன் தட்டுத் தட்டாகக் கொண்டுவர வேண்டும், விருந்துக்கு வருகிற ஒறம்பரைக்குக் குறைவில்லாமல் போட வேண்டும். சென்னிமலைப் பக்கத்திலிருந்து அந்த அம்மாவின் ஆட்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்து இறங்கினார்கள். வொர்க்‌ஷாப்புக்கு லீவு விட்டார்கள். வாசலில் பந்தல், பின்கட்டில் கோட்டை அடுப்பு. நானும், லென்ஸ் பார்க்கிற என் தோழியும் பட்டுப்பாவாடை இல்லாத குறையாக உடுத்திக்கொண்டு போய்ச் சாப்பிட்டோம். ஓவனிலிருந்து வருகிற போர்டுகளை லென்ஸ் வழியாகப் பார்த்து விட்டுப்போன காலுக்கெல்லாம் கையால் ஈயம் வைப்பவள் அவள். நன்றாகத்தான் இருந்தது சாப்பாடு. பொய் சொல்ல மாட்டேன்.

சீர் முடிந்து வேலை தொடங்கின அன்று காலையில் மேலே போனேன். ஃபிரிட்ஜைத் திறந்தால் மல்லிகை வாசம் மூக்கில் அடித்தது. தட்டு முழுக்கப் பூச்சரம், வாழையிலையில் சுற்றினது, மீந்துபோனது. கீழே எங்கள் பை. எடுத்தேன், டப்பா சில்லென்றுதான் இருந்தது. ஆனால் பையில் சாம்பார் சிந்திக் காய்ந்திருந்தது. ஒரு டப்பா மூடியில் எண்ணெய்ப் பிசுக்கு, அதில் கரி ஒட்டியிருந்தது.

"அக்கா, இதை வெளிய எடுத்தீங்களா?"

அந்த அம்மா தலை துவட்டிக்கொண்டிருந்தார். மறைக்கவே இல்லை. "ஆமா கண்ணு. மாலை, பூவெல்லாம் வைக்கோணுமே. வெய்யலுக்கு வாடிப்போயிருமில்ல. பின்கட்டுல திண்டு மேல வெச்சிருந்தேன். எல்லாம் முடிஞ்சு மறுபடி பத்திரமா உள்ள வெச்சுப்போட்டேன்."

"எத்தனை நாளுங்க வெளிய இருந்துச்சு?"

"சீரு பூராவும்தான். ஏன், அதென்ன பாலா, திரிஞ்சுபோறதுக்கு?" என்று சிரித்தார். "இரு, இட்லி வேகுது, ரெண்டு சாப்புட்டுப் போ."

பின்கட்டுத் திண்டு கோட்டை அடுப்புக்கு நேர் பின்னால். அங்கே சமையல்காரர்களே நிற்க முடியாமல் துண்டை நனைத்துத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார்கள். நான் பார்த்தேன்.

கீழே வந்து குளிர் விடட்டும் என்று வைத்துவிட்டு, அப்புறம் திறந்தேன். பிசின் தனியாகப் பிரிந்து மஞ்சள் எண்ணெயாக மேலே மிதந்தது. கரண்டியை விட்டால் அடியில் ஈயம் களிமண் மாதிரி இறுகிக் கிடந்தது. எல்லா டப்பாவும் அப்படித்தான். முதலாளியைக் கூப்பிட்டேன்.

"அண்ணா, பேஸ்ட் செத்துப்போச்சுங்க."

அவர் கரண்டியை வாங்கித் தூக்கிப் பார்த்தார். முகத்தைப் பார்த்தேன். அவருக்குத் தெரிந்துவிட்டது. "கலக்குங்க அம்மணி. சேந்துக்கும்" என்றார்.

"சேராதுங்க. சீரு பூராவும் அடுப்புக்குப் பின்னால இருந்திருக்குது."

"யாரு சொன்னா?"

"அக்காவேதானுங்க சொன்னாங்க."

மேலே கூரையை ஒரு பார்வை பார்த்தார். அங்கே பாத்திரம் உருட்டுகிற சத்தம். குரலைத் தாழ்த்தினார். "அதைய அவகிட்டப் பெருசு பண்ணிப்போடாதீங்க. சீரு நடந்த ஊடு. மனசு கஷ்டப்படும்."

"நான் ஏனுங்க பெருசு பண்றேன். நீங்க சொல்லுங்க."

"சொல்லிப்போட்டு நான் எங்கீங்க போயிப் படுக்கறது?" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சுவரைக் காட்டினேன். "அப்பறம் எதுக்குங்க இதைய எழுதி ஒட்டுனீங்க?"

அவருக்கு முகம் சுண்டிவிட்டது. ஆனாலும் குரல் ஏறவில்லை. எங்கள் ஊர்க்காரர்களுக்குக் குரல் ஏறாது. "புதுசு மெட்ராஸ்ல இருந்து வர்றதுக்குள்ள மில்லுக்காரரு வேற ஆளைப் பாத்துக்குவாருங்க. அவரு வேற அவளுக்குச் சித்தப்பன் மொறை. நாள் தவற முடியாது. கலக்கிப் போடுங்க. நான் பாத்துக்கறேன்."

நான் பாத்துக்கறேன் என்று அவர் சொன்னதை என் தோழியும் கேட்டாள்.

கலக்கினேன். கை வலிக்கக் கலக்கினேன். மேலே மாவு மாதிரித் தெரிந்தது. தகட்டில் போட்டு இழுத்தால் ஓட்டைக்குள் போனது வெளியே வரவில்லை, தகட்டோடு ஒட்டிக்கொண்டு மேலே வந்துவிட்டது. துடைத்தேன், இழுத்தேன், துடைத்தேன், இழுத்தேன். விழுந்த கோடெல்லாம் பாதிக் கோடு. ஓவனில் போய் வந்ததும் பளபளப்பும் இல்லை, உப்புப் பூத்த மாதிரி மங்கல். தோழி லென்ஸில் கண்ணை வைத்துக்கொண்டு என்னைத் திட்டினாள். "ஏ புள்ள, என்னடி இது? பல்லு வெளக்காத வாயாட்டம் இருக்குது."

"மேல போயிக் கேளு. பூ வாடாம இருக்குது."

"வாயை மூடு. கேட்டுரும்."

அவள் கையால் வைக்க முடிந்ததற்கெல்லாம் வைத்தாள். நெருக்கமான கால்களுக்கு நடுவில் எவ்வளவுதான் வைப்பாள்? டெஸ்ட் செய்தபோது விளக்கு எரிந்தது. மேசைமேல் சும்மா கிடக்கும்போது எல்லாப் போர்டும்தான் எரியும். மில்லில் மெஷின் நடுங்கும், சூடு ஏறும். அங்கே போய்த்தான் சாயம் வெளுக்கும். முதலாளிக்கு இது தெரியும். பெட்டியில் அடுக்கி, மஞ்சள் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழத்தை டெம்போ சக்கரத்தடியில் வைத்து அனுப்பினார்.

மழைக்காலம் தொடங்குவதற்குள் திரும்பி வந்தன. கோணிப்பையில் வந்தன. பின்னாலேயே அந்த மில்லுக்காரச் சித்தப்பாவும் காரில் வந்தார். மேலே கூட்டிப்போய் உட்காரவைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் முதலாளி கீழே வந்து, "அம்மணி, அந்தப் பையை மேல கொண்டாங்க" என்றார். கொண்டுபோனேன். கூடத்தில் அந்தப் பெரியவர் ஒரு போர்டைக் கையில் வைத்து விரலால் சுண்டிக்கொண்டிருந்தார்.

"மாப்ளே, தட்டுனா ஓடுது, தட்டாட்டிச் செத்துப்போவுது. என்ற புள்ளைக பூரா பெட்டிய அடிச்சுட்டே நிக்குதுக. நூலு சுத்தறதா, மத்தளம் அடிக்கறதா? சொல்லுங்க."

"கோவிச்சுக்காதீங்க மாமா" என்றார் முதலாளி. "பிரிண்டிங்ல கை சித்த மாறிப்போச்சுங்க. புதுப்புள்ள. சொல்லிக் குடுத்தாச்சு, இனி சரியா வரும்."

புதுப்புள்ள. மூன்று வருடமாக அந்த மேசையில் நிற்கிறேன். என்னைப் பக்கத்தில் நிறுத்தி வைத்துக்கொண்டே சொல்கிறார். பெரியவர் என்னைப் பார்த்து, "பரவால்ல, பழகப் பழகத்தானே வரும்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் பொறுத்திருப்பேன். மன்னித்தார் பாருங்கள், அதுதான் பொறுக்கவில்லை.

"என்ற கை மாறலீங்க" என்றேன். "பேஸ்ட் கெட்டுப்போச்சுங்க. சீருக்குப் பூ வெக்கறதுக்கு ஃபிரிட்ஜுல இருந்து எடுத்து அடுப்புப் பக்கத்துல வெச்சுட்டாங்க. நான் அன்னிக்கே சொன்னேன். கலக்கிப் போடச் சொன்னது இவருங்க."

முதலாளி காலண்டரைப் பார்த்தார். பெரியவர் போர்டைப் பார்த்தார். வீட்டுக்கார அம்மா காப்பித் தட்டோடு சமையலறை வாசலில் நின்றிருந்தார். அவர் முகம் போன போக்கை நான் பார்த்தேன். அவருக்கு அதுவரை தெரியவே தெரியாது. யாருமே அவரிடம் சொல்லவில்லை. வீட்டிலேயே விஷத்தை வைத்துவிட்டு, அதை எடுத்தால் என்ன ஆகும் என்று அந்த அம்மாவுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை அந்த மனுசன். சுவரில் ஒட்டினார். சுவர் கீழே இருந்தது.

அப்புறம் அந்த அம்மா என் பக்கம் திரும்பி, ரொம்ப மெதுவாக, "நீ காப்பி குடிச்சியா கண்ணு?" என்று கேட்டார்.

"இல்லீங்க்கா."

"இரு, டம்ளர் கொண்டாறேன்."

கொண்டுவந்தார். குடித்தேன். எல்லோரும் நான் குடித்து முடிக்கிறவரைக்கும் மழையைப் பற்றிப் பேசினார்கள். நான் சொன்னதற்கு யாரும் இல்லை என்று சொல்லவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை. டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுக் கீழே வந்தேன். தோழி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சொல்லிட்டியாடி?" என்றாள். தலையாட்டினேன். "போச்சு" என்று மறுபடி லென்ஸில் குனிந்துகொண்டாள்.

அந்த வாரக் கடைசியில் முதலாளி பேஸ்ட் ரூம் கதவைத் தட்டிவிட்டு வந்தார். அவர் கதவைத் தட்டினது அதுதான் முதல் தடவை.

"ஒடம்பு எப்படீங்க இருக்குது அம்மணி?"

"நல்லா இருக்குதுங்க."

"இல்லீங்க, இளைச்சாப்ல தெரியறீங்க. கொஞ்ச நாள் ஊட்ல இருந்து ரெஸ்ட் எடுங்க. புதுப் பேஸ்ட் வந்ததும் சொல்லி வுடறேன். வந்துருவீங்களாம்."

வாசல்வரைக்கும் வந்து வழியனுப்பினார். "பாத்துப் போங்க" என்றார். நம்பினேன். அதுதான் எனக்கு இன்றைக்கும் எரிகிறது. வாயாடி, முகத்துக்கு நேரே பேசுகிறவள் என்று பெயர் வாங்கினவள், ஒரு மரியாதையான வார்த்தையை நம்பி வீட்டில் உட்கார்ந்தேன். எங்கள் ஊரில் பிறந்து வளர்ந்தும் எனக்கு அது புரியவில்லை. வேண்டாம் என்பதை இங்கே யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள்.

அப்பா தினமும் கேட்பார். "என்ன சொன்னாரு?"

"சொல்லி வுடறேன்னாருங்க."

"அப்பறம் என்ன. நல்ல மனுசன்."

வாசலில் சைக்கிள் மணி அடித்தால் எட்டிப் பார்ப்பேன். ஐஸ்காரனாக இருக்கும். ஆடி போய் ஆவணி வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தோழி வீட்டுக்கு வந்தாள். உட்கார்ந்தாள், முறுக்கு தின்றாள், வேறு எதையெதையோ பேசினாள். கிளம்புகிறபோதுதான் சொன்னாள். "கீழ ஃபிரிட்ஜ் வாங்கிட்டாங்கடி."

"எப்ப?"

"நீ நின்ன வாரமே." செருப்பில் காலை நுழைத்துக்கொண்டே, "காரமடைப் பக்கத்துப் புள்ள ஒண்ணு வந்திருக்குது. உன்ற மேசைல" என்றாள்.

மறுநாள் காலையில் பஸ் ஏறிப் போனேன். நேராக உள்ளே போனேன், யாரையும் கேட்கவில்லை. பேஸ்ட் ரூம் மூலையில் வெள்ளையாக நின்றது ஃபிரிட்ஜ், மேலே சந்தனப் பொட்டோடு. திறந்தேன். டப்பாக்கள் மட்டும்தான். பாலும் இல்லை, பூவும் இல்லை. அந்தப் புதுப் பெண் ரப்பர் பட்டையைக் கையில் பிடித்தபடி என்னைப் பார்த்துப் பயந்து நின்றாள். ஏசிக் காற்று முகத்தில் பட்டது. அந்தக் காற்றை நன்றாக ஒரு தடவை இழுத்துக்கொண்டேன்.

முதலாளி ஓடி வந்தார். "வாங்க அம்மணி, எப்ப வந்தீங்க? சொல்லியிருந்தா..."

"நான் சொன்னதுதானுங்களே சரி? அதனாலதானே இதை வாங்குனீங்க?"

"உக்காருங்க. தண்ணி குடிங்க."

"தண்ணி வேண்டாமுங்க. என்ற வேலை இருக்குதா இல்லையா, ஒரு வார்த்தை சொல்லுங்க."

"சொல்லி வுடறேன்னேனுங்களே."

"இல்லீன்னா இல்லைன்னு சொல்லுங்க, போயிக்கறேன்."

"அப்படியெல்லாம் சொல்லுவமுங்களா? நீங்க நம்ம ஊட்டுப் புள்ளைங்க." அவருக்கு நிஜமாகவே கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்து எனக்கு இன்னும் கோபம் வந்தது. அடி வயிற்றிலிருந்து கத்தினேன். என்ன கத்தினேன் என்று இப்போது எழுதுவதற்கில்லை. அவர் தலைகுனிந்து கேட்டுக்கொண்டார். மாடியிலிருந்து அந்த அம்மாவின் குரல் வந்தது. "யாரு, நீயா கண்ணு? மேல வா, சாப்புட்டுப் போ." நான் போகவில்லை. அந்த வீட்டில் நான் சாப்பிடாமல் திரும்பின ஒரே நாள் அதுதான்.

அந்த அம்மா மேல் எனக்குப் பெரிய கோபம் இல்லை. கொஞ்சம் உண்டு. அவர் ஒருநாள் தன் புருசனிடம் கேட்டிருக்கலாம், அந்தப் புள்ளை எங்கே என்று. கேட்டிருப்பார் என்றுகூட நினைக்கிறேன். "ஒடம்பு செரியில்லை" என்று அவர் பதில் சொல்லியிருப்பார்.

சில வாரம் கழித்து அப்பா முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். அந்தச் சித்தப்பா ஆள் அனுப்பியிருந்தாராம். கோன் சுற்றுகிற வைண்டிங் பகுதியில் ஆள் தேவைப்படுகிறதாம். "உன்ற மொதலாளிதான் சிபாரிசு பண்ணுனாராம். நல்ல புள்ளை, கைவேலை சுத்தம், வாய்தான் கொஞ்சம் எச்சுன்னு சொன்னாராம்" என்றார் அப்பா.

எனக்குப் பஞ்சு ஆகாது என்று அவருக்குத் தெரியும். சேர்ந்த அன்றே சொன்னேன். தெரிந்துதான் சிபாரிசு செய்தார், அதை நல்ல மனதோடு செய்தார். அப்பாவுக்கும் தெரியும். ஆனால் அந்த வருடம் வீட்டில் வேறு வழி இல்லை. மில்லில் கார்டிங் மாதிரி வைண்டிங்கில் அவ்வளவு பஞ்சு இல்லை என்று அப்பா சொன்னார். அது உண்மை. அவ்வளவு இல்லை. போதுமான அளவு இருந்தது.

முதல் நாள் என்னை நிறுத்தின மெஷினில் வரிசையாகக் கோன்கள் சுற்றிக்கொண்டிருந்தன. மேலே பெட்டி. தகரத்தைப் பார்த்ததுமே எங்கள் போர்டு போட்ட பெட்டி என்று தெரிந்துவிட்டது. எல்லாவற்றையும் திருப்பி அனுப்பவில்லை போலிருக்கிறது, தட்டினால் ஓடுகிறதை வைத்துக்கொண்டார்கள். கொஞ்ச நேரத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. நல்ல நூலையே சடசடவென்று வெட்டியது. பக்கத்து மெஷின்காரி கத்தினாள். "தட்டு புள்ள, தட்டுனா ஓடும்!"

ஃபிட்டர் அண்ணன் ஒருவர் வந்து பெட்டியின் நடுவில் குத்தினார். ஓடவில்லை. "சனியன்" என்று மறுபடி குத்தினார்.

"அங்க இல்லீங்கண்ணா" என்றேன். பெரிய ஐசி இடது மூலையில், மேலே இருக்கிறது. அதன் கடைசி வரிசைக் கால்களுக்குத்தான் பேஸ்ட் விழவே இல்லை. அந்த மூலையில் உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினேன். விளக்கு அணைந்தது. கோன் சுற்றியது.

"அட, பழகுன கையாட்டம் இருக்குதே?" என்றார்.

பேச மூச்சு இல்லை. நெஞ்சுக்குள் சத்தம் அன்று மதியமே தொடங்கிவிட்டது. துண்டை இழுத்து மூக்கைக் கட்டிக்கொண்டு அறுந்த நூலை முடிந்தேன். பெட்டி மறுபடி நின்றது. தட்டினேன்.